சிலேட்டு: யாருக்குக் கொடை, யாருக்கு இலவசம்?

ஜூன் மாதம் வந்தால் எங்கள் பக்கத்தில் நோட்டுப் புத்தகம் கொடுக்கும் விழாக்கள் தொடங்கிவிடும். உத்திரமேரூர் அருகே ஒரு கிராமப் பள்ளியில் நடந்த அப்படியொரு விழாவுக்கு நானும் போயிருந்தேன். கொடுக்க வந்தவர் மைக்கில், "காலனிப் பிள்ளைங்க மட்டும் எழுந்து முன்னாடி வாங்க" என்றார். பிள்ளைகள் எழுந்து வரிசையில் நின்றார்கள். மற்ற பிள்ளைகள் உட்கார்ந்தபடி பார்த்தார்கள். மறுநாள் அந்தப் பக்கம் போனபோது, ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த நோட்டுக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டுக் கொடையாளர் பெயரை மறைத்திருந்தாள்.

அன்று என்னோடு வந்த கல்லூரித் தம்பி, "இந்த இலவசமே வேணாம்னு சொல்லிடலாமேக்கா?" என்று கேட்டார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் அந்த முடிவு சரியா என்பதை நம் மண்ணின் வரலாற்றை வைத்துத்தான் சொல்ல முடியும்.

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலைக் கல்வெட்டைச் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. மக்களாட்சியின் தொட்டில் என்று பாடப்புத்தகம் பெருமைப்படும். ஆனால் அது ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை, அதாவது பிராமணர் ஊரின் சபை. குடத்தில் பெயர் போடுவதற்கே கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். அரைக்கால் வேலி மட்டும் வைத்திருப்பவர் கூடுதலாகப் படித்திருந்தால் போதும் என்று ஒரு சலுகையும் உண்டு. நிலமும் படிப்பும் சேர்ந்துதான் அதிகாரம் என்பதை அந்தக் கல்வெட்டே சொல்கிறது. இரண்டும் சேரிக்கு மறுக்கப்பட்டவை.

அங்கிருந்து வெகுதூரமில்லை திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டின் வீரராஜேந்திரன் கல்வெட்டு இருக்கிறது. வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் பள்ளி, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஆகியவற்றுக்கான செலவுக் கணக்கு அதில் உள்ளது. மாணவருக்குச் சாப்பாடு, சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய், இரவு விளக்குக்கு எண்ணெய் எல்லாம் ஒதுக்கப்பட்டன. படிக்கிறவனுக்கு வயிறு நிறைய வேண்டும், இரவில் வெளிச்சம் வேண்டும் என்பது அன்றே தெரிந்திருக்கிறது. அதை யாரும் இலவசம் என்று கேலி செய்யவில்லை. தர்மம் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்த விளக்கு எந்தப் பிள்ளைக்கு எரிந்தது என்பதுதான் நம் கேள்வி.

நம் பிள்ளைகளுக்கு அந்த வெளிச்சம் வர இன்னும் எண்ணூறு ஆண்டுகள் ஆயின. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் இங்குள்ள பறையர்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். ஆதாம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் நிலத்துக்காகக் குரல் கொடுத்தார்கள். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. 1893 பிப்ரவரியில் வந்த அரசாணை எண் 68 பஞ்சமர் கல்வியின் மகா சாசனம் என்று சொல்லப்படுகிறது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியதும் அதே 1893இல்தான். அடுத்த ஆண்டு ஆல்காட் அடையாறில் இலவசப் பள்ளி திறந்தார். 1920இல் தொழிலாளர் துறை உருவாகி, ஒடுக்கப்பட்டோருக்கென்று தனிப் பள்ளிகளை நடத்தியது. புத்தகமும் சிலேட்டும் கொடுத்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது.

ஒரு சிலேட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று கேட்கலாம். அம்பேத்கரின் சிறுவயதை நினைத்துப் பாருங்கள். வகுப்பில் தனியாக உட்கார ஒரு சாக்குத்துணியை அவர் வீட்டிலிருந்தே எடுத்து வர வேண்டும், மாலையில் திரும்ப எடுத்துப் போக வேண்டும். பள்ளியைச் சுத்தம் செய்கிற ஆள் அதைத் தொடமாட்டார். பிற சாதிப் பிள்ளையிடம் பென்சில் இல்லையென்றால் பக்கத்துப் பிள்ளையிடம் வாங்கிக்கொள்ளும். தொட்டால் தீட்டு என்கிற வகுப்பில் நம் பிள்ளை யாரிடம் கடன் கேட்கும்? சொந்தமாக ஒரு சிலேட்டு இல்லையென்றால் அன்றைக்குப் பாடமே இல்லை. கையில் நோட்டு இருக்கும் பிள்ளை கரும்பலகையில் உள்ளதை எழுதிக்கொள்ளும், வீட்டில் திருப்பிப் பார்க்கும், தவறை அழித்துத் திருத்தும். இல்லாத பிள்ளை ஆசிரியர் திட்டுக்குப் பயந்து நின்றுவிடும். படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகும்போது இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

கொடையை வேறு மாதிரியும் செய்யலாம் என்று காட்டியவர் நம் மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நெ.து.சுந்தரவடிவேலு. காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தை நடத்தினார். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் 1958இல் அதன் முதல் மாநாடு நடந்தது. ஊர் மக்கள் பெஞ்சு, கரும்பலகை, தேசப்படம், சீருடை, கட்டடம் என்று கொடுத்தார்கள். கொடுத்தவை பள்ளிக்குச் சேர்ந்தன. பெஞ்சு வகுப்புக்குப் பொதுவாகிவிட்டால் அதில் உட்காரும் பிள்ளை யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை. மதிய உணவும் ஊராரின் நன்கொடையில் தொடங்கி, பிறகு அரசின் பொறுப்பானது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கென்று 2001இல் வந்த சைக்கிள் திட்டமும் பின்னர் எல்லோருக்கும் விரிந்தது. இன்று சைக்கிளைப் பார்த்துச் சாதியைச் சொல்ல முடியாது.

ஆனால் பொருள் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. நோட்டு கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார வைத்தால், கழிவறை கழுவ நம் பிள்ளையை அனுப்பினால், அந்தப் பழைய சாக்குத்துணி வேறு உருவில் வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். வேண்டாம் என்று சொல்லாதே, முறையை மாற்று. 2022இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் வழியாக இன்று நிறையப் பேர் அரசுப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். நீங்கள் உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். ஒடுக்கப்பட்ட பிரிவினரின் பெற்றோருக்கும் உரிய பங்கு உண்டு. நம் அம்மாக்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, என்ன தேவை என்று அவர்களே பட்டியல் போடட்டும். பொருள் வகுப்பு முழுவதற்கும் போகட்டும். சாதி சொல்லி எழுப்புவது கூடாது, வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பது கூடாது என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். அரசு தர வேண்டியது வரவில்லையென்றால் அதை நன்கொடையால் மூடி மறைக்காமல் மனு எழுதிக் கேளுங்கள்.

அந்தப் பெண் இப்போது ஆறாம் வகுப்பு. அவள் அடுத்த நோட்டுக்குப் போடும் அட்டை, எதையும் மறைப்பதற்காக இருக்கக் கூடாது.