இந்தியப் பல்கலைக்கழகங்களில் மாணவர் பேரவையும் குழுப் பங்கேற்பும்

இந்திய மாணவர் இயக்க வரலாறு பெரும்பாலும் போராட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஊர்வலமும் வகுப்புப் புறக்கணிப்பும் சிறைவாசமும் அவ்வரலாற்றில் பெற்ற இடத்தைக் குழுக் கூட்டங்கள் பெறவில்லை. எனினும் விடுதி உணவுக்குழு முதலாகப் புகார் விசாரணைக்குழு ஈறாக, மாணவர் தம் பிரதிநிதிகள் வழி நிருவாகத்தில் பங்கு கோரிய முயற்சிகளும் அவ்வரலாற்றின் பகுதியே ஆகும். பேரவைத் தேர்தல், குழு இருக்கை ஆகிய இரண்டிற்கும் இடையேயுள்ள உறவை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாணவர் பொதுவாழ்வில் ஈடுபடுவதை அரசு ஐயத்துடன் நோக்கியமைக்குத் தொன்மையான சான்று 1905ஆம் ஆண்டின் கார்லைல் சுற்றறிக்கை ஆகும். வங்கப் பிரிவினையை எதிர்த்த சுதேசி இயக்கத்தில் மாணவரைச் சேரவிடும் கல்வி நிறுவனங்கள் மானியத்தை இழக்க நேரும் என அது எச்சரித்தது. அதற்கு மறுமொழியாகக் கல்கத்தாவில் சுற்றறிக்கை எதிர்ப்புச் சங்கம் தோன்றியது. பின்னர் 1936 ஆகஸ்டில் இலக்னோவில் அனைத்திந்திய மாணவர் கூட்டமைப்பு உருவாயிற்று. அதன் தொடக்க மாநாட்டை நேரு தொடங்கிவைக்க, ஜின்னா தலைமை தாங்கினார். பின்னாளில் இருவேறு நாடுகளின் முதல்வர்களாய் நின்ற இருவரும் ஒரே மாணவர் மேடையில் இருந்தனர் என்பது நோக்கத்தக்கது.

விடுதலைக்குப் பின் சிக்கலின் வடிவம் மாறியது. 1964இல் அமைக்கப்பெற்று 1966இல் அறிக்கை அளித்த கோத்தாரி கல்விக்குழு, ஆசிரியரும் மாணவரும் இணைந்த கூட்டுக்குழுக்களைப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை பல இடங்களில் ஏட்டளவிலேயே நின்றது. தமிழகத்தில் 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கல்லூரி மாணவர் மன்றத் தலைவர்கள் பலர் முன்னின்றனர். கல்லூரிக்குள் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தெருவில் பேச நேர்ந்தமைக்கு அதுவும் ஒரு சான்றாகும்.

குசராத்தின் நவநிர்மாண் இயக்கம் இவ்வகையில் தனித்து ஆராயத்தக்கது. 1973 டிசம்பரில் அகமதாபாத் எல்.டி. பொறியியல் கல்லூரியில் விடுதி மெஸ் கட்டணம் உயர்த்தப்பட்டதே அதன் தொடக்கம். உணவுக் கட்டணம் ஒரு குழுவின் மேசையில் தீர்க்கக்கூடிய பொருள்; ஆனால் விலைவாசி உயர்வும் ஊழல் குற்றச்சாட்டுகளும் சூழ்ந்திருந்த அக்காலத்தில் அது மாநிலம் தழுவிய கிளர்ச்சியாயிற்று. 1974 பிப்ரவரி 9 அன்று முதலமைச்சர் சிமன்பாய் படேல் பதவி விலகினார். மார்ச்சில் சட்டப்பேரவை கலைக்கப்பட்டது. அதே ஆண்டு பீகார் மாணவர் தம் இயக்கத்திற்குத் தலைமை ஏற்குமாறு ஜெயப்பிரகாஷ் நாராயணனை வேண்டினர். அடுத்த ஆண்டு சூனில் நெருக்கடிநிலை வந்தது.

அரசியலமைப்பின் 61ஆம் திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்து வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. இளநிலை மாணவர் பெரும்பாலோர் இதனால் நாட்டின் வாக்காளராயினர். ஆயினும் வளாகத் தேர்தலைப் பற்றிய ஐயம் தணியவில்லை. கேரளப் பல்கலைக்கழகத்திற்கும் அம்மாநிலக் கல்லூரி முதல்வர்கள் மன்றத்திற்கும் இடையிலான வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த ஆணைப்படி, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் குழு அமைந்தது. 2006 மே மாதம் அக்குழு அறிக்கை அளித்தது. செப்டம்பர் 22 அன்று நீதிமன்றம் அதனை நடைமுறைப்படுத்தப் பணித்தது.

வேட்பாளர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது. அச்சிட்ட சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதே ஆகும். இளநிலை மாணவர்க்கு வயது 17 முதல் 22 வரை, ஆய்வு மாணவர்க்கு உச்சவரம்பு 28. வருகைப்பதிவு 75 விழுக்காடு. பொறுப்பாளர் பதவிக்கு ஒருவர் ஒருமுறையே நிற்கலாம். இவை அதன் முதன்மையான விதிகள். பணமும் வன்முறையும் மிகுந்த வளாகங்களைக் கருதினால் இவற்றுள் பல வரவேற்கத்தக்கனவே. ஆனால் ஒருமுறையே நிற்கலாம் என்னும் விதி, பொறுப்பைக் கற்றுக்கொண்டவரைக் கற்ற மறுகணமே வெளியேற்றுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்க்கு இத்தகைய வரம்பு இல்லை.

இவ்விதிகளின் முரண் தில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வெளிப்பட்டது. அங்குப் பேரவைத் தேர்தலை மாணவரே அமைத்த தேர்தல் குழு நடத்துவது மரபு. நேரடித் தேர்தலுக்கு ஏற்ற சிறு வளாகத்திற்கு எடுத்துக்காட்டாக லிங்டோ அறிக்கையே அப்பல்கலைக்கழகத்தைச் சுட்டியது. அவ்வாறு சுட்டப்பட்ட அதே இடத்தில், அவ்வறிக்கையின் விதிகள் பின்பற்றப்படவில்லை எனக் கூறி 2008 அக்டோபரில் தேர்தலுக்குத் தடை விதிக்கப்பட்டது. சில விதிகள் தளர்த்தப்பட்ட பின்னரே, 2012 மார்ச்சில் மீண்டும் வாக்குப்பதிவு நிகழ்ந்தது.

தேர்தல் இல்லாத காலத்தில் மாணவர் சார்பில் குழுக்களில் அமர்பவர் யார் என்னும் வினா எழுகிறது. இவ்வினாவின் கனத்தை அதே பல்கலைக்கழகத்தின் மற்றோர் அமைப்பு நன்கு உணர்த்தும். 1997இல் வெளிவந்த விசாகா தீர்ப்பைத் தொடர்ந்து, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான பாலின நுண்ணுணர்வுக் குழு 1999இல் அங்கு நிறுவப்பட்டது. ஆசிரியர், அலுவலர் ஆகியோருடன் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவரும் அதில் இடம்பெற்றனர். இப்பணி மேடைப் பேச்சினின்றும் முற்றிலும் வேறுபட்டது. வாக்கு கேட்டு வந்தவர், வந்தபின் வாய் திறவாமை காக்கவேண்டும். தம் அணியைச் சேர்ந்தவர் மீது புகார் வந்தாலும் பாகுபாடின்றி விசாரிக்கவேண்டும். இதற்கு முழக்கத்தைவிடப் பொறுமையே மிகுதியும் தேவைப்படும்.

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, புகார் மாணவர் தொடர்பானதாயின் இளநிலை, முதுநிலை, ஆய்வு ஆகிய நிலைகளிலிருந்து மூன்று மாணவர் உட்குழுவில் இருக்கவேண்டும் என்றும், அவர்கள் வெளிப்படையான மக்களாட்சி முறையில் தேர்ந்தெடுக்கப்படவேண்டும் என்றும் விதித்தது. நியமனம் என்னும் சொல் அங்கு இல்லை. பேரவைத் தேர்தலே நடைபெறாத கல்லூரிகளில் இம்மூவரைத் தேர்ந்தெடுக்கும் வழியை அவ்வொழுங்குமுறை விரித்துரைக்கவில்லை. 2017 செப்டம்பரில், அவ்வொழுங்குமுறையைக் காரணங்காட்டி, 1999 முதல் இயங்கிவந்த குழு கலைக்கப்பட்டு அவ்விடத்தில் உட்குழு அமைக்கப்பட்டது. மாணவர் பேரவையும் ஆசிரியர் சங்கமும் அதனை எதிர்த்தன.