தளை
இலங்கையின் கொத்மலை அணையைக் கணினியில் மாதிரியாக்கும்போது அடிக்கணுக்களை அசையாமல் பிணைப்பதைக் 'கட்டுப்பாடு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. மதகைத் திறந்து மூடுவதும் கட்டுப்பாடுதானே? அதன் ஆங்கில மூலமான 'கன்ஸ்ட்ரெயின்ட்' பிறந்தது இறுக்கிக் கட்டுதல் என்னும் லத்தீன் வேரில். பொறியியலின் 'ஸ்ட்ரெயின்' அதன் உடன்பிறப்பு. நம்மிடம் 'தளை' இருக்கிறது. கைதியின் கால்விலங்கு தளை. மலராத மொட்டின் இதழ்க்கட்டும் தளை. செய்யுளில் சீரோடு சீர் சேர்வதும் தளை. அடக்குவதிலிருந்து இணைப்பது வரை அதன் பொருள் நீள்கிறது, நமக்கு வேண்டியதும் அதுவே. கொத்மலையையே பாருங்கள்: 1985இல் திறக்கப்பட்ட இந்த 87 மீட்டர் அணை, கற்குவியலின் நீர்ப்பக்கத்தில் கொங்கிரீட் முகப்புப் போர்த்தியது. நீர் ஏற ஏறக் கல் அமுங்கும், முகப்பு வளையும். இரண்டையும் இறுகப் பிணைத்தால் கணக்கில் இல்லாத தகைவு ஏறிவிடும்; உராய்ந்து வழுக்கவும் இடம்விட வேண்டும். இறுகப் பிணைப்பதை முழுத்தளை, வழுக்க இடம்விடுவதை வழுக்குத்தளை என்றே நான் எழுதுகிறேன்.