மௌனப்படமும் பாடவேறுபாடும்: 'மெட்ரோபொலிஸ்' வீட்டுப் பதிப்புகளை முன்வைத்து

ஒரு நூலின் பெருமையும் சிறுமையும், அது கிடைத்த சுவடியின் நிலையைப் பொறுத்தே முதலில் கணிக்கப்படுகின்றன என்பதை ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தோர் நன்கறிவர். மௌனப்படங்களின் நிலையும் இத்தகையதே. திரையரங்குகளிலிருந்து மறைந்துபோன அப்படங்களைப் பிற்காலத்தார் பெரும்பாலும் ஒளிநாடா, டிவிடி, புளூ-ரே ஆகிய வீட்டுப் பதிப்புகளின் வழியாகவே கண்டனர். ஆகவே அப்பதிப்புகளின் தரம் என்பது காட்சித் தெளிவு பற்றிய வினா மட்டுமன்று; எந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு ஒரு படைப்பு மதிப்பிடப்பட்டது என்னும் வரலாற்று வினாவுமாகும். ஃபிரிட்ஸ் லாங் ஜெர்மனியில் இயக்கிய 'மெட்ரோபொலிஸ்' (1927) இதற்குத் தக்க சான்றாக அமைகிறது.

1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் முதன்முறையாகத் திரையிடப்பட்டபோது இப்படத்தின் நீளம் 4,189 மீட்டர். அமெரிக்க வெளியீட்டுக்கென நாடகாசிரியர் சானிங் போலக் இதனைச் சுருக்கியமைத்தார். அவ்வாண்டே ஜெர்மனியிலும் சுருக்கப்பட்ட வடிவமே மறுவெளியீடு பெற்றது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீக்கப்பட்டதெனலாம்.

நீக்கப்பட்டவற்றுள் முதன்மையானது 'ஹெல்' என்னும் பெண்ணைப் பற்றிய பகுதி. அறிவியலாளன் ரோட்வாங் அவளைக் காதலித்தான். அவளோ நகரத் தலைவன் யோ ஃபிரெடர்சனை மணந்து, மகன் ஃபிரெடரைப் பெற்றெடுக்கையில் இறந்தாள். இழந்தவளை மீட்கவே ரோட்வாங் இயந்திரப் பெண்ணை உருவாக்குகிறான். அவளது பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லை ஒத்திருந்தமையால் அப்பகுதி முழுவதும் அகற்றப்பட்டது. காரணம் நீங்கியபின் காரியம் மட்டும் எஞ்சியது. ரோட்வாங் வெறும் பித்தனாகத் தோன்றினான். கதைப்பின்னல் குழம்பியது என்னும் பழி இயக்குநரைச் சார்ந்தது. பழிக்கு உரியவர் வெட்டியவரே என்பது பார்வையாளர் அறியாத செய்தி.

இக்குறைபாடமே வீட்டுக்குள்ளும் நுழைந்தது. அமெரிக்காவில் 1953இல் இப்படத்தின் பதிப்புரிமை காலாவதியாகி, 1996இல்தான் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில், குறிப்பாக ஒளிநாடாக்கள் பரவிய 1980களில், எவரும் இதனை வெளியிட முடிந்தது. மலிவான நாடாக்கள் பலவற்றுக்கும் மூலம், படியிலிருந்து படியெடுத்த 16 மி.மீ. பிரதிகளே. ஒவ்வொரு படியெடுப்பிலும் நுண்ணிய சாயல்கள் அழிந்து வெண்மையும் கருமையுமே மிஞ்சின. மௌனப்படச் சட்டகம் படச்சுருளின் அகலம் முழுவதையும் பயன்படுத்துவது; பேசும்படத்துக்கான கருவியில் படியெடுக்கும்போது ஒலித்தடத்துக்குரிய இடப்பக்கப் பட்டை வெட்டுண்டுபோகும். கைப்பிடியால் சுழற்றிப் படம்பிடித்த காலத்துப் படங்கள் பல, நொடிக்கு 24 சட்டகங்களுக்கும் குறைவான வேகத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றை 24இல் ஓட்டினால் மாந்தர் துள்ளித் துள்ளி நடப்பர். மௌனப்படம் என்றாலே விரைந்தோடும் மங்கலான வேடிக்கை என்னும் எண்ணம் பரவியதில் இத்தகைய படிகளின் பங்கு பெரிது. (மெட்ரோபொலிஸின் உரிய வேகம் எது என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.)

1984இல் இசையமைப்பாளர் ஜியார்ஜியோ மொரோடர், இப்படத்துக்கு வண்ணச் சாயமேற்றி ராக் பாடல்களுடன் வெளியிட்டார். எழுத்தட்டைகள் பலவற்றை நீக்கி, உரையாடலைப் படத்தின் அடிப்பகுதியில் பொறித்தார். தூய்மைவாதிகள் இதனைப் பழித்தனர். எனினும் ஒரு தலைமுறையினர் இப்படத்தைத் தேடிக் காண இதுவே தூண்டுகோலாயிற்று என்பதை மறுத்தல் இயலாது.

பாட மீட்புப் பணியைத் தொடங்கி வைத்தவர்களுள் மியூனிக் திரைப்பட அருங்காட்சியகத்தைச் சார்ந்த என்னோ படாலாஸ் குறிப்பிடத்தக்கவர். படச்சுருள் கிடைக்காத இடங்களில் அவர் துணைச்சான்றுகளை நாடினார். தணிக்கைத் துறையின் அட்டைகளில் எழுத்தட்டைகளின் வாசகங்கள் பதிவாகியிருந்தன. காட்ஃபிரீட் ஹுப்பெர்ட்ஸ் அமைத்த இசைக்குறிப்பில் காட்சிகளின் வரிசை குறிக்கப்பட்டிருந்தது. மூலநூல் கிடைக்காதவிடத்து உரையாசிரியரின் மேற்கோளைக் கொண்டு பாடத்தை ஊகிப்பது போன்ற முறை இது. இதன் தொடர்ச்சியாக, முர்னாவ் அறக்கட்டளைக்காக மார்ட்டின் கெர்பர் மேற்கொண்ட மீட்பு 2001இல் நிறைவுற்று, 2003இல் டிவிடியாக அமெரிக்காவில் வெளிவந்தது. இல்லாத காட்சிகளை இல்லையென்றே எழுத்தட்டையில் அறிவித்த நேர்மை இதன் சிறப்பு.

படாலாஸ் இதற்கும் ஒருபடி மேலே சென்றார். பெர்லின் கலைப் பல்கலைக்கழகத்தின் வழி அவர் உருவாக்கிய ஆய்வுப் பதிப்பு டிவிடியில், இழந்த காட்சிகளின் கால அளவு இசையோடு அப்படியே விடப்பட்டது. வெற்றுத் திரையிலும் விளக்க வரிகளிலும் நிழற்படங்களிலும் அக்காலம் கழிகிறது. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்களின் எண்கள் நிற்க, பாடல்கள் இல்லாதிருப்பதைக் காணும் தமிழ் மாணவருக்கு இம்முறை புதிதன்று. இழப்பின் அளவைக் காட்டுவதும் பதிப்பாசிரியரின் கடமையே. பளபளக்கும் படத்தினும் இவ்வெற்றிடமே ஆய்வாளர்க்கு மிகுதியும் பயன்பட்டது.

1927இன் முழு வடிவத்தின் படி ஒன்றை அர்ஜென்டினா விநியோகஸ்தர் ஒருவர் புவனஸ் அயர்ஸுக்குக் கொண்டுசென்றிருந்தார். அது பின்னர் ஒரு திரை விமர்சகரின் சேமிப்பை அடைந்தது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருளாதலின், 16 மி.மீ. அளவில் படியெடுக்கப்பட்டபின் மூலம் அழிக்கப்பட்டது. இப்படி அந்நகரின் திரைப்பட அருங்காட்சியகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. இப்படத்தைத் திரையிட இரண்டு மணிநேரத்துக்கும் மேலாயிற்று என்று திரைப்படக் கழகத்தார் ஒருவர் கூறிய பழைய செய்தியை ஃபெர்னாண்டோ பேனா நினைவிற்கொண்டிருந்தார். 2008இல் அவரும் அருங்காட்சியக இயக்குநர் பவுலா ஃபேலிக்ஸ்-டிடியேரும் அப்பெட்டிகளைத் திறந்தனர். ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் மீண்டும் கிடைத்தன.

மீட்கப்பட்ட படம் 2010 பிப்ரவரி 12 அன்று பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அவ்வாண்டே புளூ-ரேயாகவும் வெளிவந்தது. ஹெல்லின் நினைவுச் சிலை திரும்பியது; ஃபிரெடரைப் பின்தொடரும் ஒல்லியான ஒற்றனும், ஃபிரெடரோடு உடைமாற்றிக்கொண்ட தொழிலாளியும் தத்தம் பங்கைப் பெற்றனர். கதைப்பின்னல் பற்றிய பழைய பழி பெரும்பாலும் நீங்கியது. ஆயினும் உழைப்போரையும் ஆள்வோரையும் அன்பு இணைத்துவிடும் என்னும் இப்படத்தின் முடிவு முழுப்பாடத்திலும் எளிமைப்பட்டதாகவே உள்ளது. அது வெட்டியவரின் குற்றமன்று.

இப்பதிப்பின் பட்டறிவு ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். கண்ணாடிபோல் தெளிந்த காட்சிகளுக்கிடையே அர்ஜென்டினாப் படியின் பகுதிகள் மழை பெய்வதுபோன்ற கீறல்களுடன் வருகின்றன. அவை சுருளின் மேல் விழுந்த கீறல்களல்ல. தேய்ந்த மூலத்திலிருந்து படியெடுக்கும்போதே படத்தோடு படமாகப் பதிந்தவை. ஆதலின் கணினியாலும் முற்றிலும் துடைக்க இயலவில்லை. அச்சிறு படியில் சட்டகத்தின் விளிம்புகளும் வெட்டுண்டிருந்தன. மீட்டவர்கள் அப்பகுதியைப் பெரிதாக்கித் திரையை நிரப்பவில்லை. இழந்த விளிம்பு இருந்த இடத்தைக் கரும்பட்டையாகவே விட்டனர். பார்வையாளர் எந்தச் சட்டகம் எம்மூலத்திலிருந்து வந்தது என்பதை எவர் துணையுமின்றிக் கண்ணாலேயே அறியலாம். பேராலயத்தில் துறவி நிகழ்த்தும் உரையும், ரோட்வாங்கும் ஃபிரெடர்சனும் மோதும் காட்சியும் மட்டும் அப்படியிலும் கிடைக்கவில்லை. அவை புளூ-ரேயிலும் எழுத்தட்டைகளாகவே நிற்கின்றன.