நாஞ்சில் நாட்டில் ‘பூ’ என்றால் நெல்லும்தான்

மலரைக் குறிக்கும் ‘பூ’ என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்குப் பொருள்கள் பல. தேங்காய்த் துருவல் தேங்காய்ப்பூ. கண்ணில் வெண்படலம் படிவது பூ விழுதல். நாஞ்சில் நாட்டில் இன்னொரு பொருளும் உண்டு: ஒரு பருவத்து நெல் விளைச்சல். பிற மாவட்டங்களில் ‘போகம்’ எனப்படுவதே இங்கே ‘பூ’.

புரட்டாசியை ஒட்டி அறுவடையாவது கன்னிப்பூ; மாசியை ஒட்டி அறுவடையாவது கும்பப்பூ. கன்னியும் கும்பமும் கொல்லம் ஆண்டின் மாதப் பெயர்கள். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுடன் இணையும்வரை இப்பகுதி திருவிதாங்கூரோடு கொண்டிருந்த உறவை அவை நினைவூட்டுகின்றன. மலையாளத்திலும் இருபோக நிலம் ‘இருப்பூ’ நிலமே.

இரு பருவமழைகளும், 1906-இல் கட்டிமுடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் பாசனமும் இங்கே இரண்டு பூவுக்கும் துணைநிற்கின்றன. ஆனால், வயல்கள் வாழைத் தோட்டங்களாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவருகின்றன. வாழைக்கு மாறிய நிலம் மீண்டும் நெல்லுக்குத் திரும்பலாம். மண்ணிட்டு நிரப்பிய மனை திரும்புவது அரிது. வேளாண் துறையின் பதிவேடுகளில் இப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஆயினும், தோவாளைச் சந்தையில் பூ வாங்கும் இளைஞர் பலருக்கு அச்சொல் மலரை மட்டுமே உணர்த்துகிறது. அகராதி ஒரு சொல்லின் பொருளைப் பதிவுசெய்யலாம். அதை வழக்கில் வைத்திருக்க வயல்கள் எஞ்ச வேண்டும்.