கால் டன் வண்டி

விடிகாலை மூன்றே முக்காலுக்கு சூரியநெல்லியில் ஜீப்புகள் வரிசை கட்டி நின்றன. ஆறு பேருக்கு ஒரு ஜீப். பெங்களூரிலிருந்து என்னோடு வந்த அலுவலக நண்பர்கள் ஐந்து பேரும் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் ஏறினார்கள். எனக்கு டிரைவர் பக்கத்தில் முன் சீட்டு. தமிழில் பேசுகிறேன் என்பதால் அவரே அங்கே உட்காரச் சொன்னார்.

முதல் சில கிலோமீட்டர் எஸ்டேட் ரோடு. அதற்குப் பிறகு ரோடு என்று சொல்ல ஒன்றுமில்லை. பாறை, பள்ளம், மறுபடி பாறை. டிரைவர் கியரை மாற்றி, "ஃபோர் வீல் போட்டாச்சு, கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்றார். பின்னால் ஒரே கூச்சல், சிரிப்பு. ஒருவன் செல்போனில் வீடியோ எடுக்கப் பார்த்து, தலையைக் கூரையில் இடித்துக்கொண்டான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஒன்றரை மணி நேரம் ஆனது.

சிரிக்க எனக்கு வரவில்லை. நான் போடிநாயக்கனூர்க்காரன். என் அம்மா பதினான்கு வருஷம் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய் வந்தவர். விடிகாலை ஐந்து மணிக்குத் தெருமுனையில் ஏறி, போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கேரளத்துக்குள் தோட்டத்துப் பாதையில் குலுங்கிக்கொண்டே போய், இருட்டுகிற நேரம் திரும்பி வருவார். அந்தக் குலுக்கலுக்கு இப்போது நான் காசு கொடுத்திருந்தேன். நண்பர்களிடம் இதைச் சொல்லவில்லை. அந்த ஒன்றரை மணி நேரமும், இந்தக் குலுக்கல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு தேடிப் படித்ததும், சின்ன வயதிலிருந்து கேட்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

*

இந்த மலையில் சக்கரம் வருவதற்கு முன்னால் முதுகுதான் இருந்தது. இங்கே வாழும் பழங்குடிகளில் ஒரு சாரார் முதுவர்கள். மதுரையிலிருந்து தெய்வத்தையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்துகொண்டு மலையேறியவர்கள், அதனால்தான் அந்தப் பெயர் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. கதையின் வரலாற்று உண்மை எப்படியோ, இந்த மலையின் பயணக் கதை சுமையில் தொடங்குகிறது என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞார் அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். 1880களில் தேயிலை வந்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது. தேயிலைக்கு வேலையாட்கள் வேண்டும், வேலையாட்களுக்கு அரிசி வேண்டும். ஆட்கள் கிழக்கேயிருந்து, தமிழ்ச் சமவெளியிலிருந்து கங்காணிகள் மூலம் மலையேறினார்கள். அரிசியும் கிழக்கேயிருந்தே ஏறியது.

1902இல் மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒரு மோனோ ரயில் போட்டார்கள். இன்றைய மோனோ ரயிலைக் கற்பனை செய்ய வேண்டாம். தரையில் ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் பாரத்தைத் தாங்கும் சக்கரங்கள் அதன்மேல் ஓடும். வண்டி சாயாமல் இருக்க ஒரு பெரிய சக்கரம் பக்கத்து மண் ரோட்டில் உருளும். இழுத்தது மாடு. 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில் பாதை போட்டார்கள். டாப் ஸ்டேஷனில் பாதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு செங்குத்துச் சரிவு. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ஐந்து கிலோமீட்டர் நீள கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டக்குடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிக்கு வண்டிப்பாதை. பிறகு ரயில், தூத்துக்குடித் துறைமுகம், இங்கிலாந்து.

இதைப் படிக்கும்போது ஒன்று உறைத்தது. தேயிலைப் பெட்டி அந்தரத்தில் சொகுசாக இறங்கியது. அதைப் பறித்தவர்கள் அதே சரிவில் நடந்து ஏறினார்கள். வின்ச்சும் கம்பிவடமும் சரக்குக்குத்தான்.

1924 ஜூலையில் பெருமழை. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பார்கள். மூணாறு நாசமானது. ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. மறுபடி கட்டப்படவே இல்லை. 1931இல் ஆலுவாவிலிருந்து மூணாறுக்குப் புதிய சாலை திறந்தார்கள். 1935இல் நேரியமங்கலத்தில் பெரியாற்றின் மேல் பாலம் வந்தது. கிழக்கே பார்த்துக்கொண்டிருந்த மலை மேற்கே திரும்பத் தொடங்கியது. ஆட்கள் மட்டும் தொடர்ந்து கிழக்கேயிருந்து வந்துகொண்டிருந்தார்கள்.

*

அடுத்த திருப்பம் வரைபடத்தில் நடந்தது. மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, தமிழர்கள் அதிகம் வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன.

கொழுக்குமலை இந்த எல்லையின் ஒரு விசித்திரம். தோட்டம் தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கு ஜீப் போகும் பாதை கேரளத்தில் இருக்கிறது. போடியிலிருந்து மலையடிவாரக் குரங்கணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர்தான். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் கொழுக்குமலை நேர் மேலே. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, மாநிலம் மாறி, சூரியநெல்லி சுற்றி, மறுபடி மாநிலம் மாற வேண்டும். ஒரு மாநிலத்தின் நிலத்துக்கு இன்னொரு மாநிலத்தில் வாசல். அதுவும் எஸ்டேட்டுக்குள் போகும் பாதை. இந்தப் பாதை ஏன் இப்படியே கிடக்கிறது என்பதற்கு என் பங்குக்கு ஒரு காரணம் சொல்வதென்றால், இதைத் தன்னுடைய பாதை என்று சொல்ல இரண்டு பக்கமும் யாருக்கும் அவசரமில்லை.

*

இப்போது ஜீப்புக்கு வருவோம். படித்தது இன்ஜினியரிங் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1940இல் ஐரோப்பாவில் போர் தீவிரமானபோது, அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களிடம் ஒரு சிறிய உளவு வண்டி கேட்டது. 49 நாட்களில் மாதிரி வண்டி வந்து நிற்க வேண்டும். பதில் சொன்னவை இரண்டே கம்பெனிகள்: அமெரிக்கன் பாண்டம், வில்லிஸ் ஓவர்லேண்ட். பாண்டம் கம்பெனிக்காக கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் இரண்டே நாளில் வரைபடம் போட்டார். செப்டம்பர் 23ஆம் தேதி வண்டி வந்து நின்றது. ஆனால் பெரிய ஆர்டர் வலுவான எஞ்சின் வைத்திருந்த வில்லிஸுக்குப் போனது. பிறகு ஃபோர்டும் அதே வடிவத்தில் செய்தது. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகள் உருவாகிவிட்டன.

அந்த வண்டியின் ரகசியம் வேகமல்ல, மெதுவாகப் போக முடிவது. முதல் கியர், அதோடு லோ ரேஞ்ச், அதோடு அச்சின் பற்சக்கர விகிதம் எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால், எஞ்சின் ஏறக்குறைய 25 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். வேகத்தைக் கொடுத்துவிட்டு இழுவையை வாங்கிக்கொள்கிற வியாபாரம். நான்கு சக்கரத்துக்கும் அந்த இழுவை போவதால், ஒரு சக்கரம் பள்ளத்தில் சுழன்றாலும் மற்றவை இழுத்துவிடும். கொழுக்குமலையில் டிரைவர் "ஃபோர் வீல் போட்டாச்சு" என்றது இந்தக் கணக்கைத்தான். ராணுவ ஏட்டில் இந்த வண்டியின் வகைப் பெயர் 'கால் டன்'. அதாவது அது சுமக்க வேண்டிய எடை கால் டன்.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகள் ஏலத்துக்கு வந்தன. 1945இல் ஜே.சி. மஹிந்திராவும் கே.சி. மஹிந்திராவும் மாலிக் குலாம் முகமதுவோடு சேர்ந்து 'மஹிந்திரா அண்ட் முகமது' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். பிரிவினைக்குப் பிறகு குலாம் முகமது பாகிஸ்தான் போய், அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் கம்பெனி 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆனது. 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை பம்பாயில் பூட்டத் தொடங்கினார்கள். அந்தப் பரம்பரையில் வந்தவைதான் மேஜரும் கமாண்டரும், இன்றும் இடுக்கி மலைகளில் ஓடிக்கொண்டிருப்பவை. ஒரு போருக்காக அவசரத்தில் வரைந்த வண்டி, ரோடு போடாத மலைக்கு நிரந்தரமாக வந்து சேர்ந்துவிட்டது.

*

அந்தக் கால் டன் வண்டியின் பரம்பரையில் வந்த ஒன்றில்தான் அம்மா போனார். எத்தனை பேரோடு என்று கேட்டிருக்கிறேன். "எண்ணியா ஏத்துவாங்க? பதினஞ்சு பேரு இருப்போம். சிலநாள் இருபது. ஒருத்தி மடியில ஒருத்தி" என்பார். சீசனில் பின்பக்கம் தொங்கிக்கொண்டும் போவார்கள். போடி, தேவாரம், கம்பம் என்று தேனி மாவட்டத்தின் எல்லையோர ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள், பெரும்பாலும் பெண்கள், இப்படித்தான் தினமும் மாநிலம் விட்டு மாநிலம் போய்க் காய் எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினை வெடித்து எல்லையில் கலவரம் ஆனபோது, ஜீப்புகள் நின்றன. மேலே தங்கி வேலை பார்த்தவர்கள் பலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியாக நடந்தே தேனிப் பக்கம் இறங்கினார்கள். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். செமஸ்டர் கட்டணத்துக்குப் பணம் அனுப்ப முடியவில்லை என்று அம்மா போனில் சொன்னபோதுதான், என் படிப்பு அந்த ஜீப்பில் ஏறி வந்துகொண்டிருந்தது என்பது புரிந்தது.

2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில், தேயிலை பறித்துவிட்டுத் திரும்பிய ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து ஒன்பது பெண்கள் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அம்மா டிவியை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

*

நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது இன்னும் விடியவில்லை. கிழக்கே, ரொம்பக் கீழே, புள்ளி புள்ளியாக விளக்குகள். "அது எந்த ஊரு?" என்று ஒரு தோழி கேட்டாள். "போடி" என்றேன். சற்று நேரத்தில் மேகம் வந்து ஊரை மூடிக்கொண்டது. பிறகு அந்த மேகத்தின் மேல் சூரியன் வந்தது. அழகுதான், மறுக்க மாட்டேன். அம்மா வேலைக்குப் போன நாட்களில் இதே சூரியனை வளைவில் ஏறும் ஜீப்பின் இடுக்கு வழியே பார்த்திருப்பார், அல்லது தூங்கியிருப்பார்.

1930களில் கட்டிய தேயிலைத் தொழிற்சாலைக்குள் கூட்டிப்போனார்கள். இலையை வாட வைத்து, உருட்டி, நிறம் மாற வைத்து, உலர்த்தி, சலிக்கும் பழைய ஆர்த்தடாக்ஸ் முறை. இந்தக் கனமான இயந்திரங்கள் எப்படி மேலே வந்தன என்று கேட்டால், குரங்கணிப் பக்கமிருந்து ஆட்கள் சுமந்து ஏறினார்கள் என்று சொல்கிறார்கள்.

அதே குரங்கணிச் சரிவில்தான் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றைக்கும் வண்டி போக வழியில்லை. உள்ளூர்க்காரர்கள்தான் முதலில் ஓடினார்கள், காயம்பட்டவர்களை டோலி கட்டித் தூக்கி இறக்கினார்கள். மறுபடியும் முதுகும் தோளும்தான்.

திரும்பும்போது டிரைவரிடம், "ரோடு போட்டா நல்லாருக்கும்ல அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ரோடு போட்டா நீங்க கார்லயே வந்துருவீங்க. எங்க ஜீப்புக்கு யாரு தம்பி வருவா?" என்றார். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டிவிட்டு, அவராகவே சொன்னார்: "எங்கம்மாவும் எஸ்டேட்லதான் இருந்துச்சு. நெஞ்சுவலின்னு ராத்திரி இதே வழியிலதான் கொண்டுபோனோம். அப்ப தோணுச்சு, ரோடு இருந்திருக்கலாம்னு."

பிழைத்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. லாபமும் நஷ்டமும் ஒரே பாதையில் கிடக்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றதும் கூட வரும். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் எந்தத் தீர்வும் இல்லை. சாகசம் என்று நமக்கு விற்கப்படுவது பாதி இயற்கை, மீதி கைவிடப்பட்ட ஒரு பாதை என்று மட்டும் தெரிந்தது.

அன்று மாலை போடிக்கு இறங்கி வீட்டுக்குப் போனேன். எங்கே போனேன், எப்படிப் போனேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஏய்யா, அந்தக் குலுங்குற வண்டிக்குக் காசு வேற குடுத்தியா?" என்று சிரித்தார். பிறகு, "எங்க உக்காந்த?" என்று கேட்டார்.

"முன் சீட்டு."

"அது கங்காணி சீட்டு" என்றார். பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்ததில்லையாம்.

"அடுத்த தடவை நீயும் வாம்மா, முன்னாடி உக்காந்துக்க. சூரியன் நல்லா தெரியுது."

இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்து அடுப்படிக்குப் போனார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ரோடு போட்டா சொல்லுய்யா, வர்றேன்."