தோட்டத்து வெள்ளியில் ஒரு போர்க்கப்பல்

புஞ்சாக் ஆலாமின் புது வீடமைப்புகளையும் செம்பனையையும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, ஜெராம், ஈஜோக் வரை இந்த வட்டாரமே ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்களாக இருந்தது என்பதைச் சொன்னால்தான் தெரியும். அந்த ரப்பருக்கும் வடகடலில் சண்டை போட்ட ஒரு போர்க்கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? பணச் சம்பந்தம்தான்.

1912 நவம்பரில் கூட்டரசு மலாய் மாநிலங்களின் மன்றம், பிரிட்டிஷ் கடற்படைக்கு முதல்தரப் போர்க்கப்பல் ஒன்றை அன்பளிப்பாகத் தர முடிவு செய்தது. பேராக் சுல்தான் இட்ரிஸ் முன்நின்றார். விலை ஏறக்குறைய 29 லட்சம் பவுன். அன்றைய மாற்றுக்கு இரண்டரைக் கோடி வெள்ளி. ஈயம், ரப்பர் ஏற்றுமதி வரி, அபினி, ரயில் எல்லாம் சேர்ந்து நிரப்பிய கஜானா அது. மரம் வெட்டியவனையும் தண்டவாளம் போட்டவனையும் யாரும் கேட்கவில்லை. முதல் இந்தியராக வீராசாமி அந்த மன்றத்தில் உட்காரவே 1928 ஆகிவிட்டது. யார் காசில் யார் தாராளம் காட்டினார்கள்?

கப்பலின் பெயர் 'மலாயா'. 15 அங்குலப் பீரங்கிகள் எட்டு; ஒரு குண்டே ஏறத்தாழ 870 கிலோ. முந்தைய கப்பல்களில் நடுவே இருந்த ஐந்தாவது பீரங்கி மேடையை எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கொதிகலன்களுக்குக் கொடுத்தார்கள். நிலக்கரி கிடையாது, எண்ணெய் மட்டும். அதனால் வேகம் கூடியது. ஆனால் பிரிட்டனில் கரி உண்டு, எண்ணெய் இல்லையே! 1914-இல் கடற்படை அமைச்சர் சர்ச்சில் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனியில் அரசாங்கத்துக்குப் பெரும்பங்கு வாங்கியதன் பின்னணி இதுதான்.

பலவீனம் துணைப் பீரங்கிகளில் இருந்தது. 6 அங்குலப் பீரங்கிகள் கப்பலின் இரு பக்கமும் வரிசையாக, ஒரே கூடம் போல அமைந்திருந்தன. 1916 மே 31, வடகடலில் ஜெர்மன் கடற்படையுடன் ஜட்லண்ட் போர். அணியில் கடைசியாகப் போன மலாயாமீது எட்டுக் குண்டுகள் விழுந்தன. வலப்பக்கக் கூடத்தில், சுடுவதற்காக எடுத்து வைத்திருந்த கார்டைட் மருந்து பற்றிக்கொண்டது. ஒரு பீரங்கியிலிருந்து அடுத்ததற்குத் தீ தாவியது. நின்றவர்கள் நின்ற இடத்திலேயே கருகினார்கள். அன்று செத்தவர்கள் அறுபதுக்கும் மேல். வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறக் கூட்டரசுக் கொடியும் அந்தப் புகையில் பறந்துகொண்டிருந்தது.

1921-இல் கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு வந்தது. மறு ஆண்டே துருக்கியின் கடைசி சுல்தானைக் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து மால்டாவுக்கு ஏற்றிப் போனது.

நம் கரைக்கு ஆபத்து வந்தபோது எங்கே இருந்தது? ஜிப்ரால்டர் பக்கம். 1941 டிசம்பர் 10-இல் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டும் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கின. 1942 ஜனவரி 2-இல் ஜப்பானியர் படகுகளில் கோல சிலாங்கூர் கரையை நெருங்கியபோது, அவர்களைத் திருப்பி விரட்டியது கரையில் நின்ற தரைப்படையின் பீரங்கிகள். அதுவும் அன்றைக்கு மட்டும்தான். இரண்டரைக் கோடி வெள்ளிக்கு ஒரு குண்டுகூட இந்தக் கரைக்காக வெடிக்கவில்லை.

1948-இல் 'மலாயா' கப்பலைப் பழைய இரும்புக்கு விற்று, ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேனில் உடைத்தார்கள்.

1942 ஜனவரியில் நம் தோட்டங்களில் நடந்ததைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போவோம்.