கோபுரத்தின் கணக்கு

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று நம் ஆண்டவர் கூறியதை லூக்கா நற்செய்தியில் (14:28) வாசிக்கிறோம். சீடத்துவத்தின் விலையைக் குறித்துச் சொல்லப்பட்ட உவமை அது. எனினும், நம் காலத்துக் கோபுரங்களைக் காணும்போதும் அது நம் நெஞ்சில் எழாமல் இருப்பதில்லை. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்தொடர் வண்டி அத்திப்பட்டை நெருங்கும்போது, கிழக்கே அனல் மின்நிலையங்களின் புகைபோக்கிகள் நெடிதுயர்ந்து நிற்கின்றன. நிலக்கரிப் புகையை உயரே கொண்டுபோய்க் காற்றில் கலப்பது அவற்றின் பணி. ஆனால் நிலக்கரியே இன்றி, வெயிலை மட்டும் நம்பி எழுந்த புகைபோக்கி ஒன்றும் வரலாற்றில் உண்டு.

சூடேறிய காற்று இலேசாகி மேலெழும் என்பது அடுப்பூதும் எவரும் அறிந்த உண்மை. அந்தக் காற்றோட்டத்தால் சுழலியை இயக்கலாம் என 1903-இல் இசிதோரோ கபானியெஸ் என்ற ஸ்பெயின் நாட்டுப் படை அதிகாரி எழுதினார். அதே நாட்டின் மான்சனாரெஸ் என்னுமிடத்தில் 1982-இல் அது உருப்பெற்றது. பொருளுதவி செய்தது ஜெர்மானிய அரசு. வடிவமைத்தவர் யோர்க் ஷ்லாய்க் என்ற பொறியாளர். கொல்கத்தாவில் 1992-இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் சேதுப் பாலத்தின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்குண்டு என்பதால், அவர் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர்.

ஒளி ஊடுருவும் கூரையொன்று தரைக்குச் சற்று மேலே, 244 மீட்டர் விட்டத்தில் வட்டமாக விரிக்கப்பட்டது. நடுவில் 195 மீட்டர் உயரமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய இரும்புத் தகட்டுக் குழாய் நின்றது. கூரையின்கீழ் சூடேறிய காற்று நடுவை நோக்கி விரைந்து, குழாயின் அடியிலிருந்த சுழலியைச் சுற்றி மேலேறியது.

இதன் கணக்கு எளியது, ஆனால் கண்டிப்பானது. வெப்பத்தில் எவ்வளவு பங்கைக் காற்றின் ஆற்றலாக மாற்றலாம் என்பதைக் குழாயின் உயரமே தீர்மானிக்கிறது. 195 மீட்டருக்கு அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 1,000 மீட்டர் எழுப்பினாலும் நூற்றில் மூன்றுக்குச் சற்றே மிகும். கூரை பிடித்துவைக்கும் வெப்பமோ வெயிலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். சுழலியிலும் ஒரு சிக்கல் உண்டு. அது காற்றை மிகுதியாகத் தடுத்தால் ஓட்டம் தளர்ந்துவிடும். தடுக்காமல் விட்டால் காற்று வீணே வெளியேறிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் காண்பதே பொறியாளரின் திறமை. உச்சிவெயிலில் அக்கூரைமேல் விழுந்தது ஏறத்தாழ 46,000 கிலோவாட். கிடைத்த மின்சாரமோ மிகுந்த அளவாக 50 கிலோவாட்.

இந்தச் சிறுமையை அவர்கள் மறைக்கவில்லை, அளந்தவற்றை வெளியிட்டனர். கணக்கிட்டதும் அளந்ததும் பெரிதும் ஒத்துநின்றன. 1986 முதல் 1989 வரை நிலையம் பெரும்பாலும் தானாகவே இயங்கியது. ஆனால் சில ஆண்டுச் சோதனைக்கென்றே கட்டப்பட்டமையால், குழாயைத் தாங்கிய இழுகம்பிகளுக்குத் துருவிலிருந்து போதிய பாதுகாப்பில்லை. 1989-இல் வீசிய புயலில் அவை அறுபட, குழாய் சாய்ந்தது. பின்னர் இராசஸ்தானிலும் ஆஸ்திரேலியாவிலும் திட்டமிடப்பட்ட மாபெரும் கோபுரங்கள் எழவேயில்லை. சூரியத் தகடுகளின் விலை வீழ்ந்தது. 2016-இல் நம் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் தொடங்கப்பட்டது.

அப்படியாயின், மான்சனாரெஸ் கோபுரம் வீணானதா? அல்ல என்போம். தன் ஆற்றல் எவ்வளவு, தன் குறை எவ்வளவு என்பதை அது ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டே வீழ்ந்தது. நம் அருகிலுள்ள கோபுரங்களின் கணக்கு அவ்வாறு முழுமையானதா? கொசஸ்தலையாற்றில் படிந்த சாம்பலும், எண்ணூர்க் கழிமுகத்து மீனவர் இழந்த இறாலும் மீனும் மின்கட்டணச் சீட்டில் எந்த வரியிலும் இல்லை. அந்தச் செலவை ஏழைகளே செலுத்துகின்றனர். பூமியின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் வெவ்வேறல்ல எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் உணர்த்தியது இதனையே.

நம் பங்கில் ஆலயக் கூரைமேல் சூரியத் தகடு பொருத்தும்போதும், நம் ஊரில் புதிய ஆலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போதும், நாம் முதலில் அமர்ந்து கணக்கிடுவோம். கோபுரத்தை எழுப்புகிறவரின் செலவோடு, அதன் நிழலில் வாழ்கிறவரின் செலவும் சேர்ந்தால்தான் அது முழுமையான கணக்கு.